மதுக்கடைக் கம்பிக்கு உள்ளே: கரிசல் சீமையின் விற்பனை விதிகள்

தமிழ்நாட்டில் மது விற்பனையை ஆளும் சட்டத்தின் பெயரே தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. விற்கிற கடை விலக்குகிற சட்டத்துக்குள் இருந்துகொண்டுதான் நடக்கிறது. மது காய்ச்சுவது, விற்பது, வைத்திருப்பது, குடிப்பது எல்லாமே பொதுவில் தடை. உரிமமோ அனுமதியோ எந்த அளவுக்கு இருக்கிறதோ அந்த அளவுக்கு மட்டும் தடை விலகி நிற்கும். கோவில்பட்டி வட்டாரத்தில் டாஸ்மாக் கவுன்டரில் உட்காருகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். மளிகைக்கடைக்காரர் தடை சொல்லாத எதையும் விற்கலாம். மதுக்கடைக்காரர் அனுமதி சொன்னதை மட்டும், சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில், சொன்ன ஆளுக்கு விற்கலாம்.

சட்டம் வந்த வழி

1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டக் காலத்தில் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் ஏலத்தில் போயின. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் அது மாகாணம் முழுக்கப் பரவியது. 1971இல் கருணாநிதி ஆட்சியில் விலக்கு தளர்ந்து கடைகள் திறந்தன, இரண்டு மூன்று ஆண்டுகளில் மறுபடி மூடின. 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் திறந்தன. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், மொத்த விற்பனைக்காக அமைக்கப்பட்டது. 1987 தொடக்கத்தில் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை வந்தது. சில்லறை விற்பனை மட்டும் தனியார் கையில் இருந்தது. 2003இல் சட்டத்தைத் திருத்தி, அதே ஆண்டு நவம்பர் 29 முதல் சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது.

அதோடு தொழிலில் இருக்கிற ஆளும் மாறினார். அதுவரை கல்லாவில் இருந்தவர் ஏலம் எடுத்தவர், அல்லது அவருடைய ஆள். அதற்குப் பிறகு மேற்பார்வையாளர், விற்பனையாளர், உதவி விற்பனையாளர் என்று மூன்று நிலைகளில் தொகுப்பூதியத்துக்கு ஆள் எடுத்தார்கள். பட்டம் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த கரிசல் காட்டுப் பிள்ளைகள் பலர் அப்படித்தான் கம்பிக்கு உள்ளே வந்தார்கள். மானாவாரி வெள்ளாமை ஒரு மழையை நம்பி இருக்கிற சீமையில் மாதம் பிறந்தால் சம்பளம் என்பது பெரிய விஷயம். பணி நிரந்தரம் வேண்டும் என்ற கோரிக்கை அன்றிலிருந்து இன்றுவரை இருக்கிறது.

உரிமத்தின் வகைகள்

சில்லறைக் கடைகளுக்கும் அவற்றோடு ஒட்டிய பார்களுக்கும் 2003ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகள் பொருந்தும். மன்றங்களுக்கும் ஓட்டல்களுக்கும் 1981ஆம் ஆண்டின் உரிமம் மற்றும் அனுமதி விதிகள். உறுப்பினர்களுக்கு மட்டும் மது வழங்கும் மன்றத்துக்கு எப்.எல்.2 உரிமம், நட்சத்திர ஓட்டல் பாருக்கு எப்.எல்.3 உரிமம். சிறு நகரங்களில் 'மனமகிழ் மன்றம்' என்று பலகை தொங்கும் இடம் முதல் வகை. அங்கே உறுப்பினர் பதிவேடுதான் உரிமத்தின் உயிர். தெருவில் போகிறவர் உள்ளே வந்து காசு கொடுத்துக் குடித்துவிட்டுப் போனால் அது மன்றமாக இல்லாமல் கடையாகிவிடும். கடை நடத்தவோ டாஸ்மாக்குக்கு மட்டும்தான் உரிமை.

எங்கே இருக்கலாம்

மாநகராட்சியிலும் நகராட்சியிலும் வழிபாட்டுத் தலம், கல்வி நிறுவனம் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் கடை இருக்கக் கூடாது. மற்ற இடங்களில் இந்தத் தூரம் 100 மீட்டர். ஆகவே நகராட்சியான கோவில்பட்டிக்குள் 50, பேரூராட்சிகளான எட்டயபுரம், கழுகுமலை, கயத்தாறு, விளாத்திகுளத்தில் 100. ஊருக்கு வெளியே வயலோரம் கடை போட்டாலும் சிக்கல் தீராது. கரிசல் காட்டில் வரப்புக்கு ஒரு சாமி உண்டு. கூரையில்லாத பீடமும், வேப்பமரத்தடிச் சூலமும் வழிபாட்டுத் தலமா இல்லையா என்ற வாக்குவாதம் வந்தால் தாசில்தார் வந்து நின்று பார்க்கும் வரை ஓயாது.

தூர விதி வெறும் காகிதமில்லை என்பதற்குக் குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடை சாட்சி. அங்கிருந்த மதுக்கடையை அகற்றக் கோரி 2015 ஜூலை 31 அன்று செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்தார். அதன்பின் மாநிலமெங்கும் கடைகளுக்கு முன் போராட்டம் வெடித்தது. 2016 மே மாதம் ஜெயலலிதா அரசு 500 கடைகளை மூடுவதாக அறிவித்தது. 2017இல் இன்னொரு 500, 2023 ஜூனில் மேலும் 500 கடைகள் மூடப்பட்டன.

இவற்றைவிடப் பெரிய இடமாற்றத்தைக் கொண்டுவந்தது உச்ச நீதிமன்றம். தமிழ்நாடு அரசுக்கும் வழக்கறிஞர் கே. பாலுவுக்கும் இடையிலான வழக்கில் 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பு வந்தது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்றது தீர்ப்பு. 20,000 அல்லது அதற்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட உள்ளாட்சிப் பகுதிகளில் அந்தத் தூரம் 220 மீட்டர் என்று 2017 மார்ச் 31 அன்று தளர்த்தப்பட்டது. மறுநாளே தீர்ப்பு நடைமுறைக்கு வந்து, தமிழ்நாட்டில் 3,000க்கும் மேற்பட்ட கடைகளைப் பூட்ட வைத்தது. நகராட்சி எல்லைக்குள் ஓடும் சாலைகளுக்கு இந்தத் தடை பொருந்தாது என்ற விளக்கம் அதே ஆண்டு ஜூலையில் கிடைத்தது.

மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகும் நாற்கரச் சாலை சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு வழியாகப் போகிறது. மதுரை - தூத்துக்குடி நெடுஞ்சாலை எட்டயபுரத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. இப்படி இரண்டு பெரிய சாலைகள் ஓடும் சீமையில் சாலையோரக் கடைகள் காட்டுப்பக்கம் நகர்ந்தன. ஐப்பசி மழையில் கரிசல் மண் வண்டிச் சக்கரத்தை விடாது. லோடு வண்டி நடுப்பாதையில் புதைந்துவிட்டால் பெட்டிகளைத் தலைச்சுமையாகத்தான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பாதி உடைந்தால் யார் கணக்கு என்பது அடுத்த பிரச்சினை.

எப்போது திறக்கலாம்

இப்போதைய நேரம் பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை. 2016 மே மாதத்துக்கு முன்பு காலை 10 மணிக்கே திறந்தார்கள். அந்த இரண்டு மணி நேரக் குறைப்பு கடைக்காரர் வாழ்க்கையில் வேறு மாதிரி தெரியும். பதினொன்றரைக்கே கூட்டம் கூடிவிடும். கை நடுங்க நிற்பவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். "அண்ணாச்சி, ஒரே ஒரு குவார்ட்டரு, யாருக்கும் தெரியாம குடுத்துருங்க" என்று கம்பிக்கு வெளியே கெஞ்சல் கேட்கும். மணி அடிக்காமல் கை நீளக் கூடாது. ஒருவருக்கு நீண்டால் மறுநாள் பத்துப் பேர் பதினொரு மணிக்கே வந்து நிற்பார்கள் என்பது இரண்டு மாதம் வேலை பார்த்தவருக்கே தெரியும்.

இரவு பத்து மணியும் அப்படியே. வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது ஷட்டரை இறக்குவது லேசு இல்லை. வரிசையை ஒன்பதே முக்காலுக்கே முடித்துவிடுவது, கடைசி ஆளுக்குப் பின்னால் உதவி விற்பனையாளர் போய் நின்றுகொள்வது போன்ற பழக்கங்கள் இதற்காகவே வந்தவை.

ஆண்டுக்கு எட்டு நாள்கள் கடை திறப்பதே இல்லை: திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வடலூர் வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாது நபி, காந்தி ஜெயந்தி. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரமும், வாக்கு எண்ணும் நாளும் சேரும். பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் திருவிழா போன்ற கூட்டம் கூடும் நாள்களில் ஆட்சியர் உத்தரவால் வட்டாரக் கடைகள் மூடுவதும் உண்டு.

கடை மூடும் இந்த 'உலர்' நாள்களைவிட அவற்றுக்கு முந்தைய நாள்தான் சோதனை. தேர்தலுக்கு முன்னால் ஆள் ஒன்றுக்குக் கேட்கிற அளவு கூடும். தனியாள் வைத்திருக்கக்கூடிய உச்ச அளவை 1996ஆம் ஆண்டின் விதிகள் வரையறுக்கின்றன. இந்தியத் தயாரிப்பு அயல்நாட்டு வகை மது 4.5 லிட்டர், பீர் 7.8 லிட்டர், ஒயின் 9 லிட்டர். 180 மில்லி குவார்ட்டரில் கணக்குப் போட்டால் 25 பாட்டில். 26ஆவது பாட்டில் பையில் இருந்தால் வாங்கியவர் மேல் வழக்கு வரும். அது எந்தக் கடைச் சரக்கு என்ற விசாரணை விற்றவரிடம் வந்து முடியும்.

யாருக்கு விற்கலாம்

21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. எழுதப் படிக்க ஒரு வரிதான், கவுன்டரில் ஒரு நாளைக்கு இருபது தடவை வரும் தலைவலி. வாக்குரிமை 18இல் வருகிறது, ஓட்டுநர் உரிமம் 18இல் வருகிறது. அந்த அட்டையை நீட்டுகிற பையன் தன்னைப் பெரியாள் என்று நம்பித்தான் நீட்டுகிறான். அட்டை இருக்கிறது என்பது கணக்கில்லை, அதிலிருக்கும் பிறந்த தேதிதான் கணக்கு. மீசையைப் பார்த்து வயது சொல்ல முடியாது. வெயிலில் வேலை பார்க்கும் கரிசல் பையன் பதினெட்டில் இருபத்தைந்து மாதிரி இருப்பான். தீப்பெட்டி ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் முப்பதிலும் பையன் மாதிரி இருப்பார். "அப்பாதான் வாங்கியாரச் சொன்னாரு" என்று வரும் சிறுவனுக்குக் கொடுப்பதும் இந்த விதிக்குள்தான் அடங்கும். "அப்பாவையே வரச் சொல்லு தம்பி" என்பதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஏற்கெனவே நிதானம் இழந்தவர் அடுத்த சங்கடம். இவருக்கு அளவுகோல் கிடையாது, கண்தான் அளவுகோல். காசை எண்ணித் தர முடியாமல் கசங்கிய நோட்டைக் கம்பிக்குள் தள்ளுகிறவர், ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்கிறவர், பைக் சாவியைக் கையில் சுழற்றியபடி நிற்கிறவர் என்று பழகிய கண் பிரித்துவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவுப்படி 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுக்கும்போது குரல் உயரக் கூடாது. "கடை எங்கயும் போயிராது மாமா, சாயங்காலம் வாங்க" என்று சொன்னால் பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள். "உனக்குக் குடுக்க முடியாது" என்று சொன்னால் கல் பறக்கும்.

சரக்கும் விலையும்

அயல்நாட்டு வகை மதுவின் வலிமை 42.8 விழுக்காடு, குவார்ட்டர் 180 மில்லி, ஆஃப் 375, ஃபுல் 750, பீர் 650 என்பவை புதிதாக வந்தவர் மனப்பாடம் செய்பவை. பெட்டிக் கணக்கு அதைவிட முக்கியம்: குவார்ட்டர் 48, ஆஃப் 24, ஃபுல் 12, பீர் 12. கிடங்கிலிருந்து லோடு வந்ததும் பெட்டி எண்ணி, ஒன்றிரண்டைப் பிரித்துப் பார்த்து, மூடியில் ஹாலோகிராம் ஒட்டு இருக்கிறதா என்று கவனித்து, பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஒட்டு இல்லாத பாட்டில் கடைக்குள் ஒன்று இருந்தாலும் அது வெளிமாநிலச் சரக்கோ போலிச் சரக்கோ என்றுதான் பொருள்படும். எங்கிருந்து வந்தது என்பதைக் கடையில் இருப்பவர்தான் விளக்க வேண்டியிருக்கும்.

பாட்டிலை உடைக்காமல், அச்சிட்ட விலைக்கு விற்க வேண்டும் என்பது விதி. விலைப்பட்டியல் வாங்குகிறவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். தமிழ்நாடு முழுக்க இந்தத் தொழிலுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது இங்கேதான். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்குகிறார்கள் என்ற புகார் நெடுநாளாக இருக்கிறது. இறக்குகூலி, உடைந்த பாட்டில், மின்கட்டணம் என்று கைக்காசு போகிறது என ஊழியர் தரப்பில் காரணம் சொல்வார்கள். காரணத்தில் உண்மை இருக்கலாம். ஆனால் ஊழியருக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான அந்தக் கணக்கைக் கூலிவேலை செய்து வருகிறவரின் சட்டைப்பையிலிருந்து தீர்க்க விதியில் இடமில்லை. பிடிபட்டால் பணியிடை நீக்கம் வரை போகும். கடைகளில் ரசீது இயந்திரம் வந்தது இதை ஒழுங்குபடுத்தத்தான்.

காலிப் பாட்டிலுக்குத் தனியே பத்து ரூபாய் உண்டு. அது சட்டப்படியானது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2022இல் நீலகிரியில் தொடங்கிய திட்டம் அது. பாட்டிலோடு பத்து ரூபாய் கூட வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைத் திருப்பிக் கொடுப்பார்கள். உழவு மாட்டின் குளம்பிலும் களையெடுக்கும் பெண்களின் காலிலும் கண்ணாடிச் சில்லு ஏறிய காடுகளுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும்.

பார்

கடையை ஒட்டிய பார் டாஸ்மாக்கின் கடையில்லை. ஒப்பந்தப்புள்ளி எடுத்த தனியார் அங்கே தின்பண்டம் விற்கலாம், காலிப் பாட்டில் சேகரிக்கலாம். மது விற்கக் கூடாது, இருப்பு வைக்கக் கூடாது. வாடிக்கையாளர் கடையில் வாங்கி, பாரில் உட்கார்ந்து குடிக்கலாம், அவ்வளவுதான். சுண்டல், அவித்த முட்டை, ஊறுகாய், தண்ணீர், டம்ளர் ஆகியவைதான் பார்க்காரரின் வியாபாரம். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர் பாக்கெட்டும் தடையில் வந்தன.

கடை பூட்டிய பிறகு பாரில் கூடுதல் விலைக்குச் சரக்கு கிடைப்பதை ஊர்வழக்கில் 'பிளாக்' என்பார்கள். அந்தச் சரக்கு பகலில் எந்தக் கவுன்டரிலிருந்து பெட்டியாகப் போனது என்ற கேள்வி எப்போதும் முதலில் விற்பனையாளரைத்தான் தொடும். பார்க்காரர் கேட்டார் என்று ஒரே ஆளுக்கு மொத்தமாகக் கொடுக்காமல் இருப்பதே இதற்குப் பாதுகாப்பு.

கூட்டத்தின் பருவங்கள்

மதுக்கடையின் விற்பனைப் பதிவேட்டைப் படித்தால் வட்டாரத்தின் பொருளாதாரம் தெரியும். தீப்பெட்டி ஆலைகளில் வாரச் சம்பளம் கொடுக்கும் சனிக்கிழமை வரிசை நீளும். அதே நாள் எட்டயபுரத்தில் ஆட்டுச்சந்தை. புரட்டாசியில் விதைப்பு, ஐப்பசியில் களையெடுப்பு என்று காசு காட்டுக்குள் போகும் மாதங்களில் ஃபுல் கேட்டவர் குவார்ட்டர் கேட்பார். தையில் உளுந்தும் மக்காச்சோளமும் வீடு வந்த பின் பருத்திக்காசும் மிளகாய்க்காசும் கைக்கு வரும்போது பழைய அளவுக்குத் திரும்புவார். விற்பனை கூடும் நாள்களில்தான் கல்லாவில் பணம் தங்கும். வங்கி மூடியிருக்கும் சனி இரவும் ஞாயிறும் ஊருக்கு வெளியே இருக்கும் கடைக்கு ஆபத்தான நேரங்கள்.

கொரோனாக் காலம் இந்தப் பருவங்களையெல்லாம் குலைத்தது. 2020 மே 7இல் வயதுவாரியாக நேரம் ஒதுக்கிக் கடைகள் திறந்தன. மறுநாள் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்த பின் மே 16இல் மறுபடி திறந்தன. இத்தனை பேர், இத்தனை இடைவெளி என்று டோக்கன் கொடுத்து விற்றதில் கவுன்டர் ஊழியர்கள் பெற்ற பயிற்சி வேறெந்த வகுப்பிலும் கிடைத்திராது.

கடைக்கு வெளியே

விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கம் பனங்காடுகள் அடர்த்தி. பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர், கருப்பட்டிக்குப் போகும். சுண்ணாம்பு தடவாவிட்டால் அதுவே புளித்துக் கள்ளாகும். சட்டத்தின் கண்ணில் முன்னது உணவு, பின்னது தடைசெய்யப்பட்ட மது. பக்கத்து மாநிலமான கேரளத்தில் கள்ளுக்கடை உரிமத்தோடு நடக்கிறது. இங்கே ஒரு கை சுண்ணாம்புதான் பனையேறிக்கும் வழக்குக்கும் நடுவே நிற்கிறது.

கள்ளச்சாராயம் வேறு வகை ஆபத்து. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் இறந்தார்கள். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60க்கும் மேற்பட்டோர். அதே மாத இறுதியில் சட்டத் திருத்தம் நிறைவேறி, தண்டனை ஆயுள் சிறை வரையும், அபராதம் 10 லட்சம் ரூபாய் அளவுக்கும் உயர்ந்தது. ஒட்டு பார்ப்பதும், கிடங்குச் சீட்டைச் சரிபார்ப்பதும் சடங்கு இல்லை என்று புதியவர்களுக்குச் சொல்ல மூத்தவர்கள் எடுப்பது இந்தக் கதையைத்தான்.

கணக்கு முடிப்பு

2023-24ஆம் ஆண்டில் மது விற்பனையால் ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியுமாக அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். அந்தத் தொகை சிறு சிறு நோட்டுகளாக முதலில் கம்பிக்கு உள்ளே இருப்பவர் கைக்குத்தான் வருகிறது. பத்து மணிக்கு ஷட்டர் இறங்கிய பிறகு தொடக்க இருப்பு, வரவு, விற்பனை, இறுதி இருப்பு என்று ரகம்வாரியாக எழுதி, பணத்தை எண்ணிக் கட்டி, கையெழுத்துப் போட்டால்தான் வேலை முடியும். ஒரு குவார்ட்டர் குறைந்தாலும் சம்பளத்தில் பிடித்தம். அன்றைக்கு வயது குறைந்தவன் என்று திருப்பி அனுப்பிய பையனுக்கும், நிதானமில்லாமல் பைக்கில் வந்தவருக்கும், பன்னிரண்டு மணிக்கு முன்னால் கெஞ்சியவருக்கும் கொடுக்காத பாட்டில்கள் இறுதி இருப்பில் மற்றவற்றோடு சேர்ந்தே இருக்கும். அவற்றைத் தனியே எழுதப் பதிவேட்டில் பத்தி கிடையாது.